ரிச்சர்ட் செர்ராவின் ‘டில்டட் ஆர்க்’: அகற்றியது சரியா?

வடக்குவீதி

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 2024 மார்ச்சில் காலமானபோது வந்த அஞ்சலிக் கட்டுரைகள் பலவற்றில் ‘டில்டட் ஆர்க்’ (சாய்ந்த வளைவு) என்ற ஒரே சிற்பத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அது இன்று எங்கும் நிற்கவில்லை. 1989-இலேயே வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அதைப் பற்றித்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ் மன்ஹாட்டனில் ஜேக்கப் ஜாவிட்ஸ் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு பெரிய சதுக்கம் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் கட்டடங்களைப் பார்த்துக்கொள்வது ஜி.எஸ்.ஏ என்கிற துறை. புதிய அரசுக் கட்டடங்களில் கலைப்படைப்புகளை வைக்க அவர்களிடம் தனித் திட்டமே இருந்தது. அதன் கீழ் 1979-இல் செர்ராவிடம் வேலையை ஒப்படைத்தார்கள், 1981-இல் சிற்பம் நின்றது. 120 அடி நீளம், 12 அடி உயரம், இரண்டரை அங்குலத் தடிமன் கொண்ட ஒரே எஃகுச் சுவர். லேசாக வளைந்து, லேசாகச் சாய்ந்து, சதுக்கத்தைக் குறுக்கே பிரித்தபடி நின்றது. உருவமில்லை, பீடமில்லை, பூச்சும் இல்லை. துருப்பிடிக்க விட்டுவிட்டார்கள். செலவு 1,75,000 டாலர்.

நின்ற உடனே எதிர்ப்பு கிளம்பியது. நான்கு வருடம் கழித்துப் பொது விசாரணை நடந்தது, அப்புறம் வழக்கு. கடைசியில் 1989 மார்ச் 15 இரவில் மூன்று துண்டுகளாக்கிக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள்.

என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். அகற்றியது தவறு. அந்தச் சிற்பத்தை எல்லோரும் ரசித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரசு தானே தேடிப்போய்ப் பெற்றுக்கொண்ட ஒரு படைப்பை, பிடிக்கவில்லை என்ற குரல் உயர்ந்ததும் அழித்தது. அதுதான் தவறு. உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.

நீலக்கோப்பு

எனக்கு இதில் நேர் எதிரான கருத்து. பெரிய அரசு அலுவலக வளாகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

அந்தக் கட்டடத்திலும் அதை ஒட்டிய நீதிமன்றத்திலும் ஏறக்குறைய 10,000 பேர் வேலை செய்தார்கள். இப்படிப்பட்ட கட்டடங்களில் முன்னால் இருக்கிற திறந்தவெளிதான் ஊழியர்களுக்கு மிச்சம். நாள் முழுக்கக் குழல்விளக்கு வெளிச்சத்தில் கோப்பு பார்ப்பவர்களுக்கு மதியம் அரை மணி நேரம் வெயிலில் உட்கார முடிந்தால் அதுவே பெரிய விஷயம். அந்த இடத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு இருமடங்கு உயரமான சுவர் ஒன்றை வைத்துவிட்டு, ‘உன் நடையை உனக்கே உணர்த்துகிறேன்’ என்று சிற்பி சொன்னால் என்ன அர்த்தம்? தினமும் காலையில் அவசரமாக வாசலுக்கு ஓடுகிறவளுக்குத் தன் நடை நன்றாகவே தெரியும்.

1981-லேயே அங்கிருந்த எட்வர்ட் ரே என்கிற தலைமை நீதிபதி அதை எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார். சில மாதங்களில் 1,300 பேர் கையெழுத்துப் போட்டார்கள். இவர்களைக் ‘கலை தெரியாதவர்கள்’ என்று ஒதுக்கிய எழுத்துகளை நிறையப் படித்திருக்கிறேன். கலை தெரியாமல் இருக்கலாம், தாங்கள் புழங்குகிற இடம் அவர்களுக்குத் தெரியும்.

இரும்புப்பட்டறை

பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது.

‘துருப்பிடித்த இரும்பை அப்படியே விட்டுவிட்டார்கள்’ என்று சொல்வது சரியில்லை. அது கோர்-டென் வகை எஃகு. செம்பு, குரோமியம் எல்லாம் சிறிதளவு சேர்த்து உருக்குவது. சாதாரண இரும்பில் துரு பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இதில் மேலே பிடிக்கிற துரு இறுகி ஒரு தோலாகி உள்ளே இருக்கிற உலோகத்தைக் காக்கும். பாலங்களுக்கும் கட்டடங்களின் வெளிச்சட்டங்களுக்கும் பெயிண்ட் செலவு வேண்டாம் என்று இதைப் போடுவார்கள். முதலில் ஆரஞ்சு நிறம், சில வருடங்களில் அடர் பழுப்பு, போகப் போக ஊதா கலந்த கறுப்பு என்று மாறும். ஆனால் ஆரம்ப வருடங்களில் மழை பெய்தால் துருநீர் வழிந்து அடியில் இருக்கிற கல்தரையில் கறை விழும். அந்தக் கறையைப் பார்த்தவர்களுக்கு ‘பராமரிப்பில்லாத இரும்பு’ என்று தோன்றியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எடை 73 டன் என்று போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. 120 அடிக்கு 12 அடி என்றால் 1,440 சதுர அடி. இரண்டரை அங்குலத் தடிமனுக்கு 300 கன அடி எஃகு. கன அடிக்கு 490 பவுண்டு வைத்தால் 1,47,000 பவுண்டு. அமெரிக்க டன்னில் எழுபத்து மூன்றரை, நம் மெட்ரிக் கணக்கில் சுமார் 67 டன். இவ்வளவு எடையுள்ள தகட்டை இந்த அளவுக்கு வளைத்து, அதே நேரம் ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்துவது லேசான வேலை இல்லை. நேரான தகடு இப்படி நிற்காது. வளைவுதான் அதற்குப் பலம். செர்ரா இளவயதில் எஃகு ஆலைகளில் கூலிக்கு வேலை பார்த்தவர், அவருடைய அப்பா கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். தகட்டின் குணம் தெரிந்துதான் செய்திருக்கிறார்.

பிடிக்கிறதா என்று கேட்டால், எனக்குப் பிடிக்கும். ஆனால் இரும்பு பார்த்துப் பழகிய கண் என்னுடையது.

உளிச்சத்தம்

கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டுச் சிற்பம் செய்துகொண்டிருப்பவன். நீலக்கோப்பு மேடத்துக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

அந்தச் சதுக்கம் சிற்பம் வருவதற்கு முன்னால் நல்ல இடமாக இருந்ததா? படங்களைப் பாருங்கள். வட்ட வட்டமாகக் கோடு போட்ட கல்தரை, பெரும்பாலும் தண்ணீர் ஓடாத ஒரு நீரூற்று, சுற்றிலும் உயரமான கண்ணாடிக் கட்டடங்கள். நிழல் கிடையாது. செர்ரா அந்தத் தரையின் வட்டக் கோடுகளுக்கு எதிராகத்தான் தன் வளைவை வைத்தார். அரசுக் கட்டடம் தன் முன்னால் விரித்து வைத்திருந்த அலங்காரத்தைக் குலைத்து, அங்கே நடக்கிற மனிதரை மையமாக்க நினைத்தார். ஒரு முனையிலிருந்து நடந்தால் சுவர் உங்கள் மேல் சாய்கிறது. நடுவுக்கு வந்தால் உங்களைச் சூழ்ந்துகொள்கிறது. மறுபக்கம் போனால் விலகிப் போகிறது. ஒரே தகடு ஒவ்வோர் அடிக்கும் வேறாகத் தெரியும். இதைப் புகைப்படத்தில் பார்க்க முடியாது. மேலேயிருந்து எடுத்த படத்தை வைத்து ‘சும்மா ஒரு தகடு’ என்று தீர்ப்பு சொல்வதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். ‘அதை அகற்றுவது என்றால் அழிப்பது’ என்று செர்ரா சொன்னார். அந்தத் தரையின் சரிவு, அந்த வாசல், அந்த நடைபாதைகள் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து அளந்த வளைவு அது. வேறெங்கே வைத்தாலும் வெறும் எஃகு. மாற்று இடம் பற்றி ஆராய 1987-இல் கூட்டிய நிபுணர் குழுவும் அதைத்தான் சொன்னது.

நீலக்கோப்பு

உளிச்சத்தம் தம்பி, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். அந்தச் சதுக்கம் முன்பு சொர்க்கமாக இருந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வாதத்திலேயே என் வாதமும் இருக்கிறது.

‘இந்த இடத்துக்காகவே செய்தது’ என்கிறீர்கள். இடம் என்பது தரையும் சரிவும் வாசலும் மட்டும்தானா? அங்கே தினமும் புழங்குகிற மனிதர்கள் அந்த இடத்தில் சேர்த்தி இல்லையா? வளைவை அளந்தவர் தரையை அளந்தார், தூரத்தை அளந்தார். வேலை முடிந்து சாயங்காலம் இருட்டும் நேரத்தில், மறுபக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத ஒரு சுவரைச் சுற்றிக்கொண்டு ரயில் பிடிக்கப் போகிற பெண்ணை யார் அளந்தார்கள்? அருங்காட்சியகத்துக்குப் போகிறவர் விரும்பிப் போகிறார், பிடிக்காவிட்டால் அடுத்த அறைக்குப் போகலாம். சம்பளத்துக்காக வருகிறவருக்கு அடுத்த அறை கிடையாது. அவரைச் சங்கடப்படுத்துவதே படைப்பின் நோக்கம் என்றால், அதற்கு அவருடைய சம்மதம் வேண்டாமா?

வடக்குவீதி

சம்மதம் கேட்டிருக்க வேண்டும், அதில் மேடத்தோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் எப்போது கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

வைப்பதற்கு முன்னால் யாரையும் கேட்கவில்லை. கலை நிபுணர் குழு ஒன்று செர்ராவைப் பரிந்துரைத்தது, துறை ஏற்றுக்கொண்டது, முடிந்தது. நான்கு வருடம் கழித்து, 1985 மார்ச்சில் மூன்று நாள் விசாரணை. தாலி கட்டி முடித்த பிறகு மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்ட கதை. சரி, கேட்டதையாவது நியாயமாகக் கேட்டார்களா? தலைமை தாங்கியவர் வில்லியம் டயமண்ட், அந்த வட்டாரத்துக்கான ஜி.எஸ்.ஏ நிர்வாகி. சிற்பத்தை எடுக்க வேண்டும் என்று விசாரணைக்கு முன்பே வெளிப்படையாகப் பேசியவர். குழுவில் உட்கார வேண்டியவர்களைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

180 பேர் பேசினார்கள். 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுங்கள் என்றார்கள். குழு 4-க்கு 1 என்ற கணக்கில் எடுக்கச் சொன்னது. நம் ஊரில் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. மேடையில் இருப்பவர் முன்பே முடிவோடு வந்திருப்பார். கீழே இருந்து எத்தனை பேர் பேசினாலும் குறிப்பேட்டில் ஏறும், முடிவில் ஏறாது.

பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சொன்ன சாட்சியம் இன்னொரு கொடுமை. சதுக்கத்தில் குண்டு வெடித்தால் இந்தச் சுவர் அதன் வேகத்தைக் கட்டடத்தின் பக்கம் திருப்பிவிடும் என்றார். எலி சேர்கிறது, சுவரில் கிறுக்குகிறார்கள் என்ற புகார்களோடு குண்டும் சேர்ந்து எல்லாமே ஒரு தகட்டின் தலையில் ஏறியது.

நீலக்கோப்பு

122-க்கு 58 என்ற கணக்கை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த 122 பேரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வில்லியம் ரூபின் இருந்தார், சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க் இருந்தார், இன்னும் எத்தனையோ கலைஞர்கள், விமர்சகர்கள். வேலை நாளில் வந்து பேச முடிந்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள். கீழ்நிலை எழுத்தர் ஒருவர், தன் துறையின் உயர் அதிகாரி தலைமை தாங்குகிற கூட்டத்தில் மைக் பிடித்து எந்தப் பக்கமும் தைரியமாகப் பேசிவிட மாட்டார். எனக்கு அது அனுபவத்தில் தெரியும். கூட்டத்தில் எண்ணிய தலைகளை மக்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் டயமண்ட் விஷயத்தில் வடக்குவீதி சொல்வது நியாயம். முடிவெடுத்துவிட்ட ஆள் தலைமையில் உட்கார்ந்தது விசாரணையையே கெடுத்துவிட்டது. எடுக்க வேண்டும் என்ற என் போன்றவர்களின் நியாயத்தையும் சேர்த்துத்தான் கெடுத்தது.

ஹட்சன்கரை

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். இந்த முகவரியை இங்கே பல தமிழர்களுக்குத் தெரியும், ‘26 ஃபெடரல் பிளாசா’ என்றால் போதும். குடியேற்ற அலுவலகமும் குடியேற்ற நீதிமன்றமும் அந்தக் கட்டடத்தில்தான். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதங்கள், கல்யாண ஆல்பம், வரிக் கணக்கு எல்லாவற்றையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்பவர்களை எந்தக் காலையிலும் பார்க்கலாம்.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்த விவாதத்தில் எப்போதும் இரண்டே கட்சிகள்தான் பேசுகின்றன, ஊழியர்களும் கலைஞர்களும். அந்தச் சதுக்கத்தைப் பயத்தோடு கடந்துபோகிற மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு, அரசாங்கத்தின் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள். 1980-களிலும் குடியேற்ற அலுவலகம் அங்கேதான் இருந்தது. அவர்களுக்கு அந்தச் சுவர் எப்படித் தெரிந்திருக்கும்? அரசின் கதவுக்கு முன்னால் இன்னொரு தடை என்றா? அல்லது உளிச்சத்தம் சொல்வதுபோல, அந்தக் கட்டடத்தின் மிடுக்கைக் குலைக்கிற ஒரே பொருள் அதுதான் என்றா? அவர்கள் விண்ணப்பதாரர்கள். அவர்களுக்கு ‘பொதுமக்கள்’ என்ற இடமே கிடைக்கவில்லை.

அப்புறம், சிற்பம் போன பிறகு அங்கே என்ன வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் சில பெஞ்சுகளும் பூந்தொட்டிகளும். 1990-களில் மார்த்தா ஷ்வார்ட்ஸ் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் பளிச்சென்ற பச்சை நிறத்தில் சுருள்சுருளாக ஓடும் நீளமான இருக்கைகளையும் புல்மேடுகளையும் வைத்தார். உட்காருவதற்காகவே செய்த இடம். மதியம் மக்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதுவும் இன்று இல்லை. அடியில் இருக்கிற வாகன நிறுத்தத்துக்கு நீர்க்கசிவுப் பழுது பார்க்கத் தோண்டியபோது எடுத்துவிட்டு, மைக்கேல் வான் வால்கன்பர்க் நிறுவனத்தின் வேறொரு வடிவமைப்பைப் போட்டார்கள். பச்சை இருக்கைகளுக்காக யாரும் நீதிமன்றம் போனதாகத் தெரியவில்லை.

உளிச்சத்தம்

ஹட்சன்கரை அண்ணா சொன்ன கடைசி விஷயம் முக்கியம். சண்டை போட்டு எடுத்த சிற்பத்தைத்தான் 40 வருடம் கழித்தும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கறுப்புக்கோட்டு

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

செர்ரா 3 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார், 1988-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். அவருடைய முக்கிய வாதம் பேச்சுரிமை. நீதிமன்றம் சொன்ன பதில்: படைப்பை விற்றாகிவிட்டது, அதன் மூலம் பேசுகிறவர் இப்போது அரசுதான், தன் சொந்தப் பேச்சை அரசு நிறுத்திக்கொள்ளலாம். மேலும் இத்தனை வருடம் காட்சிக்கு இருந்ததே, உங்கள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் சொன்னது. ஒப்பந்தத்தின்படி படைப்பு அரசின் சொத்து, நிரந்தரமாக வைப்போம் என்ற வாக்குறுதி எழுத்தில் இல்லை.

படைப்பாளியின் தார்மீக உரிமையை, அதாவது விற்ற பிறகும் தன் படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமையை, வலியுறுத்தும் பெர்ன் உடன்படிக்கையில் அமெரிக்கா சேர்ந்தது 1989 மார்ச் 1 அன்று. சிற்பத்தை வெட்டியது மார்ச் 15. அந்த உரிமையைக் கலைஞர்களுக்குத் தரும் அமெரிக்கக் காட்சிக்கலைஞர் உரிமைச் சட்டம் 1990-இல்தான் வந்தது. அந்தச் சட்டத்தின் பலத்தைப் பின்னால் பார்த்தோம். நியூயார்க் குயின்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்ற பழைய தொழிற்சாலைச் சுவர்களில் இருந்த ஓவியங்களைக் கட்டட உரிமையாளர் 2013-இல் இரவோடு இரவாக வெள்ளையடித்தார். 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தரச் சொல்லி 2018-இல் தீர்ப்பானது, மேல்முறையீட்டிலும் நின்றது. ஆனால் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பாஸ்டன் பூங்கா ஒன்றைப் பற்றிய 2006 வழக்கில், இடம் சார்ந்த படைப்புகளை அந்த இடத்திலேயே வைத்திருக்க இந்தச் சட்டம் உதவாது என்றது. அந்தத் தீர்ப்பின்படி பார்த்தால் செர்ராவின் சிற்பத்துக்கு 1990 சட்டமும் துணை நின்றிருக்காது.

நம் நாட்டுக்கு வருவோம். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பம். 140 அடி நீளம், 40 அடி உயரம். 1957-இல் ஒப்படைத்த வேலை, 1962-இல் முடிந்தது. 1979-இல் கட்டடப் புதுப்பிப்பின்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிடுங்கிக் கிடங்கில் போட்டார்கள். சில துண்டுகள் காணாமலே போயின, அவர் பெயர் இருந்த துண்டும் அதில் ஒன்று. இதே தார்மீக உரிமையைச் சொல்லும் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவின் கீழ் வழக்கு நடந்து, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மிஞ்சிய துண்டுகளைத் திருப்பித் தர வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு. ஒரு படைப்பை முழுவதும் அழிப்பது அதைச் சிதைப்பதிலேயே உச்சக்கட்டம் என்ற பார்வை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டெல்லி பிரகதி மைதானத்தில் 1972-இல் ராஜ் ரேவல் வடிவமைத்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ அரங்கை 2017 ஏப்ரலில் இடித்தார்கள். அவர் வழக்குப் போட்டார். 2019-இல் அதே டெல்லி உயர் நீதிமன்றம், இடிக்கும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு என்றது. முழுக்க இல்லாமல் போன ஒன்றை யாரும் பார்க்க முடியாது, பார்க்க முடியாதது வடிவமைத்தவரின் பெயரைக் கெடுக்காது என்பது அதன் தர்க்கம். பாதி உடைத்தால் குற்றம், முழுசாக உடைத்தால் குற்றமில்லை. வக்கீலாகவே சொல்கிறேன், இந்தத் தர்க்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மெரினாக்காற்று

நம் ஊரில் கண்ணகி சிலை விவகாரமும் இதே மாதிரிதானே? 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது, 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006 ஜூனில் திரும்பி வந்தது. அங்கே செர்ரா தோற்றார், இங்கே கண்ணகி ஜெயித்தாள்.

உளிச்சத்தம்

அது வேறு மாதிரி, நண்பரே. கண்ணகி சிலைக்காகத் தெருவில் இறங்கியவர்கள் கண்ணகிக்காகத்தான் இறங்கினார்கள், அந்த உலோக உருவத்தின் வடிவத்துக்காக இல்லை. அதே இடத்தில் வேறொரு சிற்பி செய்த கண்ணகியை வைத்திருந்தாலும் பெரும்பாலோருக்குக் குறை இருந்திருக்காது. நம்மிடம் பொதுவெளிச் சிலை என்றால் யாருடையது என்பதுதான் கேள்வி. யார் செய்தது, எப்படிச் செய்தது என்று கேட்பதில்லை. மெரினாவில் ‘உழைப்பாளர் சிலை’ பக்கத்தில் நின்று படம் எடுக்கிற கூட்டத்தில் தேவி பிரசாத் ராய் சவுத்ரி பெயரைக் கேட்டுப் பாருங்கள். அந்த நால்வரும் பாறையை நெம்புகிறபோது முதுகில் எழும்பும் தசையை அப்படி வார்த்தவர் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்தவர். பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

செர்ராவின் தகட்டுக்குப் பின்னால் ஒரு தெய்வமோ தலைவரோ இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டார்கள். வெறும் வடிவத்துக்காகச் சண்டை போட ஆள் குறைவு, எந்த நாட்டிலும்.

இரும்புப்பட்டறை

அதே கோர்-டென் எஃகில் இங்கிலாந்தில் ஒன்று நிற்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கேட்ஸ்ஹெட் ஊரில் ஆண்டனி கார்ம்லியின் ‘ஏஞ்சல் ஆஃப் தி நார்த்’. 20 மீட்டர் உயரம், இறக்கையின் விரிவு 54 மீட்டர், 200 டன். பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில், நெடுஞ்சாலை ஓரமாக. 1998-இல் நிறுத்துவதற்கு முன்னால் உள்ளூரில் பயங்கர எதிர்ப்பு. பணம் வீண், அசிங்கம், வண்டி ஓட்டுகிறவர்களின் கவனம் சிதறும் என்றெல்லாம் சொன்னார்கள். நின்று சில மாதங்களிலேயே நியூகாசில் கால்பந்து ரசிகர்கள் அதற்குத் தங்கள் அணி வீரர் ஆலன் ஷியரரின் சட்டையைப் பெரிதாகத் தைத்து மாட்டிவிட்டார்கள். இன்று அந்த ஊருக்கு அதுதான் அடையாளம்.

வடக்குவீதி

இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன். புதிய வடிவத்துக்குக் கண் பழக நாளாகும். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச்சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல், செர்ராவின் தகடு நின்ற அதே வருடம், 1,421 வடிவமைப்புகளிலிருந்து மாயா லின் என்ற 21 வயது மாணவியின் வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் போடாமல் எண் மட்டும் போட்டு அனுப்பிய போட்டி. கறுப்புக் கிரானைட், உருவமே கிடையாது, தரைக்குள் இறங்குகிற சுவர். முன்னாள் வீரர்களிலேயே ஒரு பகுதியினர் ‘அவமானத்தின் வடு’ என்று கொதித்தார்கள். 1982-இல் திறந்த பிறகு, தன் பிள்ளையின் பெயரைத் தேடித் தடவிப் பார்க்கிற தாய்மார்கள் வந்தார்கள். காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரை எடுத்துப் போனார்கள். இன்று அதை எடுக்கச் சொல்ல யாரும் இல்லை.

நீலக்கோப்பு

இரண்டுமே நல்ல உதாரணங்கள், ஆனால் எனக்கு வேறு பாடத்தைச் சொல்கின்றன.

கேட்ஸ்ஹெட் சிற்பம் ஒரு மேட்டில் நிற்கிறது. யாருடைய வாசலையும் மறிக்கவில்லை. பிடிக்காதவர் திரும்பிப் பார்க்காமல் போகலாம். வாஷிங்டனில், எதிர்ப்பு வந்ததும் ஒரு சமரசம் செய்தார்கள். ஃபிரெடரிக் ஹார்ட் செய்த மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையைச் சற்றுத் தள்ளி 1984-இல் வைத்தார்கள். மாயா லினுக்கு அதில் விருப்பமில்லை, ஆனாலும் சுவர் தப்பித்தது. அந்தச் சுவர் வருகிறவருக்கு ஒன்றைக் கொடுத்தது, ஒரு பெயர். அதைத் தொடலாம். நியூயார்க் சுவர் எட்டு வருடம் நின்றது. கண் பழக எட்டு வருடம் போதாதா? அங்கே தினமும் நடந்தவர்களில் பலருக்கு அது கடைசிவரை எதையும் கொடுக்கவில்லை. அதை அவர்களின் குறையாகவே சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

உளிச்சத்தம்

மேடம், அந்த எட்டில் நான்கு வருடம் ‘எப்போது எடுப்பார்கள்’ என்ற பேச்சோடு போனது. தூக்குத் தேதி தெரிந்த ஆளோடு யாரும் பழக மாட்டார்கள்.

ஹட்சன்கரை

இந்தச் சண்டைக்குப் பிறகு ஜி.எஸ்.ஏ தன் முறையை மாற்றியது. கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே உள்ளூர்ப் பிரதிநிதிகளை உட்காரவைக்க ஆரம்பித்தார்கள். மேடம் கேட்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

உளிச்சத்தம்

அதில் எனக்கு ஒரு பயம் உண்டு. எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் யாரையும் தொந்தரவு செய்யாத பொருள்தான் மிஞ்சும். ரவுண்டானா நடுவில் ஃபைபர் மயில், ஃபைபர் மாடு. அதற்கு எதிர்ப்பே வராது, பத்து வருடத்தில் வெயிலில் வெளுத்துப் போனால் எடுத்துப் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நீலக்கோப்பு

கேட்பது வேறு, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது வேறு தம்பி. அங்கே யார் நடக்கிறார்கள், எந்த நேரம் நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று சிற்பி ஒரு மாதம் அங்கிருப்பவர்களிடம் பேசியிருந்தால் போதும். வளைவை அவரே போடட்டும். சுவர் பத்தடி தள்ளி நின்றிருக்கலாம், நடுவே ஒரு வழி திறந்திருக்கலாம். அப்படிப் பேசி அவருக்குப் பிடித்ததையே செய்திருந்தாலும், என்னைப் போன்றவர்கள் இவ்வளவு கசந்திருக்க மாட்டோம்.

கறுப்புக்கோட்டு

நடைமுறைக்கு ஒன்று. இங்கே அரசு வேலை எடுக்கிற சிற்பிகள் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: அகற்றுவதற்கு முன் எழுத்துபூர்வ முன்னறிவிப்பு, திரும்ப எடுத்துக்கொள்ளும் முதல் உரிமை, எத்தனை வருடம் பராமரிப்பு யார் பொறுப்பு. சேகலுக்கு இந்த முதல் வரி இருந்திருந்தால் 1979-இல் அவருக்கு ஒரு கடிதமாவது போயிருக்கும்.

உளிச்சத்தம்

வக்கீல் சார், டெண்டர் முறையில் வேலை வருகிறது. இந்த மூன்றையும் கேட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒரு சிற்பி தனியாகக் கேட்டு நடக்காது. டெண்டர் படிவத்திலேயே அச்சாகி வந்தால்தான் நடக்கும்.

கறுப்புக்கோட்டு

சரி. அப்படியானால் மாதிரி ஷரத்துகளை எழுதித் தருகிறேன். சிற்பிகள் சேர்ந்து கலை பண்பாட்டுத் துறைக்கு மனுவாகக் கொடுங்கள். நீலக்கோப்பு மேடம், அங்கே புழங்குகிறவர்களிடம் முன்கூட்டியே பேச வேண்டும் என்ற உங்கள் வரியையும் அதில் சேர்க்கலாமா? உங்கள் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள்.

நீலக்கோப்பு

எழுதித் தருகிறேன். வேலைக்கு வருகிறவர்களை மட்டும் இல்லை, ஹட்சன்கரை சொன்ன வரிசையில் நிற்பவர்களையும் சேர்த்து எழுதுகிறேன்.